ஈய மண்ணில் கோயில்: கிந்தா பள்ளத்தாக்கும் பக்கெரிசான் ஆறும்

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் போகும் சாலையில் கெல்லி மாளிகையில் நிற்காத சுற்றுலாப் பேருந்து இல்லை. வருகிறவர்கள் சுங்கை ராயாவின் மேல் இருக்கும் பாலத்தைக் கடந்து, பாதியில் நின்றுபோன செங்கல் மாளிகையைச் சுற்றி வந்து, பேய்க்கதை கேட்டு, படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதே தோட்டத்து மண்ணில் சற்றுத் தள்ளி ஒரு மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் குறைவு. போனால், மேல்தளத்தில் வரிசையாக நிற்கும் சுதைச் சிற்பங்களுக்கிடையே வெள்ளை உடுப்பும் வெயில் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரத் துரையும் நிற்பதைப் பார்க்கலாம். மாளிகையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித்தான் அவர்.

இந்தக் கோயிலுக்கு வயது ஏறக்குறைய நூறு. கிந்தா பள்ளத்தாக்கில் இன்று பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் பெரும்பாலானவை இதை ஒட்டிய காலத்தவை. மிகப் பழையது என்று சொல்லப்படுவதும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னால் போகாது. ஈப்போவிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் பாலித் தீவுக்குக் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள் இன்று நிறையப் பேர். அங்கே ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஆயிரம் ஆண்டுப் பழைய கோயில்களைக் கண்டு திரும்புகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு: நம் பக்கம் மட்டும் இப்படி ஒன்றும் இல்லையே, ஏன்? பழைய காலத்தில் இந்தக் காட்டுக்கு யார் வந்தார்கள் என்று அதற்குச் சட்டென்று ஒரு பதிலும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் தவறு. தெய்வங்கள் கிந்தாவுக்கு வந்தன. அவை தங்கியிருந்த மண்தான் மிஞ்சவில்லை.

முதலில் பாலியைப் பார்த்துவிடலாம். கியான்யார் வட்டாரத்தில் தம்பாக்சிரிங் ஊருக்கு அருகே பக்கெரிசான் ஆறு ஆழமான பிளவாக நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மேலே வயல்களிலிருந்து நூற்றுக்கணக்கான கற்படிகள் இறங்கினால் குனுங் காவி. இரு கரைப் பாறைச் சுவர்களிலும் சுமார் ஏழு மீட்டர் உயரமுள்ள மாடங்களைக் குடைந்து, ஒவ்வொரு மாடத்துக்குள்ளும் ஒரு கோயில் முகப்பைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஐந்து, எதிர்க்கரையில் நான்கு, தெற்கே தனியாக ஒன்று. மாமல்லபுரத்து ரதங்களையும் கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் பார்த்த கண்ணுக்கு இங்கே ஒன்று உடனே உறைக்கும்: கருவறை கிடையாது. கதவு போலத் தெரிவது கதவு அல்ல, பாறைதான். பக்கத்திலேயே துறவிகள் தங்கப் பாறையில் வெட்டிய அறைகள் இருக்கின்றன. காலம் 11ஆம் நூற்றாண்டு. உதயணன் என்ற மன்னரின் வழியில் வந்த அனாக் வுங்சுவின் ஆட்சியோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். எந்த முகப்பு யாருக்கு உரியது, அரசர்களுக்கா அரசியருக்கா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கப் பள்ளிப்படை போதும். இறந்த அரசருக்கோ அரசிக்கோ எழுப்பும் கோயில் அது. மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எழுப்பியது, பட்டீசுவரத்துக்கு அருகே பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எழுப்பியது ஆகிய இரண்டும் இன்றும் நிற்கின்றன. மறைந்த அரசரைப் பெயர் சொல்லாமல், அவர் எந்த இடத்தில் துஞ்சினார் என்று சொல்லிக் குறிப்பிடும் வழக்கம் சோழர் கல்வெட்டில் உண்டு. குனுங் காவியில் கிழக்குக் கரையின் வடகோடி முகப்புக்கு மேலுள்ள எழுத்தும் அந்த மாதிரியே ஓர் அரசரைக் குறிக்கிறது. 1025இல் ராஜேந்திரனின் படை கடாரத்தைத் தாக்கியது. அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள் இந்தப் பாறைகளில் உளி விழுந்திருக்கிறது. பாலி சோழரைப் பார்த்துச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. தென்கிழக்குக் கடல் முழுதும் அப்போது ஒரே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சில் பேராக்கும் இருந்தது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

குனுங் காவி தப்பிப் பிழைத்ததற்குப் பாறை மட்டும் காரணமில்லை. அந்த ஆறு யாருடையது என்பதிலும் பாதிக் காரணம் இருக்கிறது. பாலியில் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் உழவர்கள் சேர்ந்த அமைப்புக்கு சுபாக் என்று பெயர். நம் ஊர்க் குடிமராமத்தையும் நீர்க்கட்டிப் பங்கீட்டையும் கோயிலோடு சேர்த்து முடிந்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஒவ்வோர் அணைக்கட்டுக்கும் ஒரு கோயில். மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் அங்கே கூடித்தான் எப்போது நாற்று விடுவது, எந்த வயலை எப்போது காயப்போடுவது என்று முடிவெடுக்கிறார்கள். குனுங் காவிக்கு மேலே உள்ள தீர்த்த எம்புல் ஊற்றுக்கோயில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பக்கெரிசான் நீர்ப்படுகையின் சுபாக் நிலப்பரப்பை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதைப் பக்திக் கதையாக மட்டும் படித்துவிடக் கூடாது. 1970களில் பசுமைப் புரட்சியின் பெயரால், கோயில் முறையைப் பாராமல் முடிந்த அளவு அடுத்தடுத்து நெல் நடச் சொன்னார்கள். பூச்சியும் எலியும் பெருகின, கீழ்மடையில் தண்ணீர் தட்டியது. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்து வயல்களெல்லாம் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை இல்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் தண்ணீர் கேட்டாலோ ஆறு தாங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோயில்கள் பிடித்து வைத்திருந்த அளவுதான் விளைச்சலுக்கும் உகந்ததாக இருந்தது. கோயிலுக்குக் கட்டுப்பட்ட ஆறு என்பதால் பக்கெரிசானில் எவரும் மண்ணைப் புரட்டிப் போட வரவில்லை. புரட்டினால் கிடைக்கக்கூடிய உலோகமும் அந்த மண்ணில் இல்லை.

கிந்தாவில் இருந்தது. மேற்கே கிளெடாங் மலைத்தொடர், கிழக்கே தீத்திவாங்சா. இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்கும் அகன்ற பள்ளம். இரு பக்கத்துக் கருங்கல் மலைகளிலிருந்தும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழை அரித்துக் கொண்டுவந்த ஈயத்தாது, சுண்ணாம்புத் தளத்தின் குழிகளில் சரளையோடு படிந்து கிடந்தது. கிந்தா ஆறும் அதில் வந்து சேரும் ராயா, பின்ஜி, பாரி, கம்பார் ஆறுகளும் இந்தப் படிவை அரித்து அரித்துப் பரப்பின. (நாங்கள் இங்கே ஈயம் என்று சொல்வது தமிழ்நாட்டார் வெள்ளீயம் என்கிற உலோகத்தை.) உலகில் இவ்வளவு வளமான ஈய வயல்கள் மிகச் சிலவே.

அந்தச் சரளைக்குள்ளிருந்துதான் தெய்வங்களும் வெளியே வந்தன. ஈப்போவை ஒட்டிய பெங்காலானிலும், தஞ்சோங் ரம்புத்தானிலும் புத்தர் வெண்கலங்கள். வடக்கே சுங்கை சிப்புட் பக்கம் அவலோகிதேஸ்வரர். 1936இல் தெற்கே பிடோரில் ஓர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேஸ்வரர். 79 சென்டிமீட்டர் உயரம். 1962இல் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஜாலோங்கில் தாடியும் தொந்தியுமாக நிற்கும் ஒரு முனிவர்; அகத்தியர் என்று பலரும், ஒரு சைவ ஆசிரியர் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இவற்றின் காலத்தைப் பொதுவாக 6ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையே வைப்பார்கள். பேராக் கடற்கரையில் கோலா சிலின்சிங்கில் ஆய்வாளர் ஐவர் இவான்ஸ் தோண்டியபோது கிடைத்த சிவப்பு மணிக்கல் முத்திரையில் பல்லவர் எழுத்துச் சாயலில் விஷ்ணுவர்மன் என்ற பெயர் வெட்டியிருந்தது.

உருவங்கள் கிடைத்தன என்பதற்காகக் கோயில் இருந்தது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. வணிகர்கள் கையோடு சிறு விக்கிரகம் கொண்டுபோவது வழக்கம். ஆற்றில் படகு கவிழ்ந்தால் அதுவும் சரளையில் புதையும். ஆனால் பிடோர் அவலோகிதேஸ்வரர் மடியில் கட்டிக்கொண்டு போகிற அளவில் இல்லை. ஏறக்குறைய ஒன்றேகால் வயதுப் பிள்ளையின் உயரம். அதற்குப் பீடம் வேண்டும், கூரை வேண்டும், விளக்கேற்ற ஒருவர் வேண்டும். ஜாலோங் முனிவரோ இன்னும் தெளிவான சாட்சி. புத்தரும் போதிசத்துவரும் வழித்துணையாக வரலாம். ஆசிரியர் உருவத்தைச் சிவன் கோயிலின் புறமாடத்தில் வைப்பதுதான் ஜாவாவில் அன்றைய முறை. ஜாலோங்கிலும் அப்படித்தான் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் சுமை இப்போது மறுதரப்பின் தோளில்.

ஏன் வந்தார்கள் என்பதில் பெரிய மர்மம் இல்லை. வெண்கலம் என்பதே செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது. தமிழகத்தில் வெள்ளீயம் அரிது. மலாய் தீபகற்பத்தில் ஆற்று மணலை அரித்தாலே கிடைக்கும். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, அதை மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விட்டதாக அது சொல்கிறது. தக்குவா பாவும் ஈய நாடுதான், ஆற்றங்கரைதான். அங்கே கல்லில் எழுதி வைக்கும் அளவுக்குக் காலூன்றிய ஒரு வணிகக் குழு, குளத்தையும் கோயிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தது. தெற்கே இன்னும் வளமான ஈயம் கிடந்த கிந்தாவுக்கு அதே வழியில் வந்தவர்கள் வெறும் கூடாரம் போட்டுத் திரும்பியிருப்பார்கள் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, கோயில் இருந்தது என்றால் எப்படி இருந்திருக்கும்? அதற்கு வடக்கே கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். ஜெராய் மலையடிவாரத்தில் சுங்கை மெர்போக் கெச்சில் ஓடையின் கரையில் இருக்கிறது சண்டி புக்கிட் பத்து பாகாட் (சண்டி என்றால் பழங்கோயில்). தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1930களில் தோண்டிப் பார்த்தது. பிறகு அலஸ்டர் லாம்ப் 1950களின் இறுதியில் கல்லைக் கல்லாக அடுக்கி மீட்டது. கருவறைத் தளமும் முன்மண்டபத் தளமும் கல்லில் இருக்கின்றன. மண்டபத் தளத்தில் வட்டமான தூண் இருக்கைகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் மேல் நின்ற தூணும் கூரையும் மரம். மரம் போய்விட்டது, தளம் நிற்கிறது. அந்தத் தளத்துக்கு அடியில் ஒன்பது குழிகள் கொண்ட சிறு கல் பேழைகளில் மணியும் உலோகத் துண்டுகளுமாகக் கிடைத்தன. நம் ஸ்தபதிகள் கர்ப்பந்யாசம் என்று செய்வதன் இனம். ஆக இந்தப் பக்கத்துப் பழங்கோயிலில் மிஞ்சக்கூடியது இவ்வளவே: முழங்கால் உயரக் கற்பீடம், அதற்கடியில் கை அகலப் பேழை. கோபுரத்தைத் தேடுகிறவருக்கு அது கண்ணில் படாது.

அப்படிப் பட்டதும் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூஜாங்கிலேயே சுங்கை பத்து தோட்டத்துப் பதினோராம் எண் சண்டியை வீட்டுமனைக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அழித்துவிட்டார்கள். 2013 டிசம்பரில் செய்தி வெளியான பிறகுதான் நாடு விழித்தது. நிலம் தனியாருடையது, இடம் அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்பதே அப்போது சொல்லப்பட்ட விளக்கம்.

கெடாவில் ஒரு புல்டோசர் ஒரு நாளில் செய்ததைக் கிந்தாவில் நூறு ஆண்டுகள் ஊன்றி நின்று செய்தார்கள். 1880களில் ஈய வேட்டை தொடங்கியது. முதலில் சீனத் தொழிலாளரின் மண்வெட்டியும் கூடையும். அடுத்து மலைச்சரிவுகளை நீர்ப்பீரங்கியால் அடித்துக் கரைக்கும் முறை. அதன் பிறகு மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சி உயரமான மரச் சரிவில் ஓடவிடும் பாலோங். மலாயாவின் முதல் ஈயக் கப்பல் 1910களின் தொடக்கத்தில் இறங்கியது பத்து காஜா வட்டாரத்தில்தான். அந்தக் கப்பல்களில் ஒன்று இன்றும் நின்றுகொண்டிருக்கிறது: பத்து காஜாவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங் போகும் வழியில். 1938இல் கட்டியது, 4,500 டன் எடை, 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982 வரை வேலை செய்தது. இதற்குக் கடல் வேண்டாம். தான் தோண்டிய குட்டையிலேயே மிதக்கும். முன்பக்கம் இரும்பு வாளிகள் சங்கிலியாக இறங்கிக் கரையை அடியோடு அள்ளும். உள்ளே சுழலும் சல்லடை கல்லையும் கட்டியையும் ஒதுக்கும். கனத்த ஈயத்தாது அடியில் தங்கும், மற்றதெல்லாம் பின்பக்கம் கொட்டும். முன்னால் கரை கரையக் கரைய, பின்னால் மணல்மேடு வளர வளர, குட்டையோடு கப்பலும் நகர்ந்து போகும். வாளியின் அருகே நின்று பார்த்தால் ஒரு ஆள் குந்தி உட்காரலாம் போலிருக்கிறது.

தொல்லியலுக்கு உயிர் அடுக்குதான். எது மேலே, எது கீழே, எதன் பக்கத்தில் எது என்பது தெரியாவிட்டால் கிடைத்தது வெறும் பொருள். ஈயக் கப்பல் போன இடத்தில் அடுக்கு என்ற ஒன்றே கிடையாது; பல பத்து அடி ஆழத்துக்கு மண் தலைகீழாகிவிட்டது. கற்பீடத்தின் கல்லும் ஆற்றுக் கல்லும் அந்தச் சல்லடைக்கு ஒன்று. வெண்கலம் கனமாக இருந்ததாலும், மினுங்கியதாலும் எவரோ கையில் எடுத்தார். கிந்தாவின் பழங்காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருப்பது அப்படிக் கண்ணில் பட்டவை மட்டும். சுரங்கக் கழிவு படிந்து ஆறுகளின் படுகை உயர்ந்தது, பல இடங்களில் ஆற்றையே வெட்டித் திருப்பினார்கள். ஆகவே பழைய கிந்தா ஆற்றங்கரை எது என்று இன்றைய வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதும் கடினம்.

இரண்டாவது முறை தெய்வங்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது கடல் கடந்து கப்பலில் வந்த கூலிகளோடு. கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் பக்கத்தவர். 1890இல் இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கரிடம் சாலை வேலையில் பணம் பார்த்து, பத்து காஜாவுக்கு அருகே சுமார் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் போட்டார். ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர். அதே பெயரில் ஓர் ஈயக் கப்பல் நிறுவனமும் உருவானது. 1915இல் மகன் பிறந்ததும் இரண்டாவது மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. மதராஸிலிருந்து எழுபது கைவினைஞர்களும் வந்ததாகச் சொல்வார்கள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது நோய் வந்தது. 1918இன் ஸ்பானிஷ் காய்ச்சலோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அந்தக் காய்ச்சலில் மலாயாவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நெருக்கியடித்த லயங்களில் சாவு அதிகம். ஆத்தா கோபத்தில் இருக்கிறாள், கோயில் கட்டினால்தான் தணியும் என்று தொழிலாளர்கள் துரையிடம் கேட்டதாகவும், அவர் இடமும் பணமும் கொடுத்ததாகவும் ஊர்ச்சொல். அந்தத் துரையும் நெடுநாள் இருக்கவில்லை. 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை நின்றது, தோட்டம் கைமாறியது, மாரியம்மன் அங்கேயே இருக்கிறாள்.

மேல்தளத்தில் நிற்கும் துரையின் உருவத்தை நன்றிக்கடன் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நன்றி இருந்திருக்கும், மறுக்கவில்லை. கொடையாளியைக் கோயிலில் வடித்து வைப்பது நமக்குப் பழக்கம். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் நிற்கவில்லையா. வெள்ளைக்காரரைக் கோயில் கதைக்குள் சேர்த்துக்கொள்வதும் பழக்கம்தான். மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் ராமர் காத்ததைக் கண்டு தாயார் சன்னதி கட்டினார் என்று கலெக்டர் லயோனல் பிளேஸைச் சொல்கிறார்கள். மதுரையில் ரௌஸ் பீட்டர் மீனாட்சிக்கு அங்கவடி கொடுத்தார். ஆனால் தோட்டத்துக் கோயிலில் இன்னொன்றும் வேலை செய்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. மண் தொழிலாளர்களுடையது அல்ல. கையில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. இடம் கொடுத்தவரையே கொடுத்ததற்குச் சாட்சியாகச் சாமியோடு நிறுத்தி வைத்தால், நாளை வருகிற மேனேஜரோ கிராணியோ கேட்கும்போது மேலே கையைக் காட்டலாம். ஆவணம் எழுதிக்கொள்ள வழியற்றவர்கள் சுதையில் எழுதிக்கொண்ட ஆவணம் அது. இது என் ஊகம். நிரூபிக்க என்னிடம் ஏடு இல்லை.

ஆற்றோடு தோட்டத்து மாரியம்மனுக்கு இருந்த உறவும் பாலியோடு ஒப்பிடத்தக்கது. பாலிக் கோயில்களில் பெரும்பாலும் நிரந்தரமான மூலவர் கிடையாது. பல கோயில்களில் 210 நாட்களுக்கு ஒரு முறை வரும் ஒடாலான் விழாவின்போது தெய்வம் இறங்கி வருகிறது, தீர்த்தமும் படையலும் ஏற்கிறது, போய்விடுகிறது. தோட்டத்தில் மாரியம்மனுக்குச் சிலை உண்டு. ஆனாலும் காப்புக் கட்டியதும் பூசாரி ஆற்றங்கரைக்குத்தான் போவார். செம்பில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, வேப்பிலை செருகி, பூச்சுற்றி, உடுக்கைக்கும் பம்பைக்கும் நடுவே கரகம் பாலிப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் அம்மன் வந்து அமர்கிறாள். திருவிழா முடிந்ததும் கரகத்தை ஆற்றிலேயே விடுவார்கள். கருவறையில் கல்லாக ஒருத்தி இருக்க, ஊர்வலத்தில் நீராக இன்னொருத்தி. தீமிதியைப் படமெடுக்க வருகிறவர்கள் அநேகமாக இதைத் தவறவிடுகிறார்கள், விடியற்காலையில் நடப்பதால்.

வேற்றுமை எங்கே என்றால், பாலி உழவர் அந்தத் தண்ணீரைப் பங்கிட்டார். தோட்டத் தொழிலாளி அதைக் கும்பிட மட்டுமே முடிந்தது. சுங்கை ராயாவில் மேலே எவர் சுரங்கக் கழிவைத் திறந்துவிடலாம், கீழே எந்த வளைவை வெட்டி நேராக்கலாம் என்று தீர்மானித்தவர்கள் கரகத்தின் பின்னால் நடந்தவர்கள் அல்ல. அம்மனுக்குக் கீழே இருந்த மண்ணும் அப்படியே. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். பிறகு வீடமைப்புக்கும் செம்பனைக்கும் மாறின. லயங்கள் போயின, பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள், கோயில் மட்டும் யாரோ ஒருவரின் மனைக்குள் நின்றது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவும் 341ஆம் பிரிவும் சொல்வது நேரானது: அரசு நிலத்திலோ பதிவுபெற்ற தனியார் நிலத்திலோ எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அனுபவ பாத்தியதை என்று ஒன்று உண்டாகாது. கோயிலின் வயது வழக்கறிஞருக்கு உதவாது. சிலாங்கூரில் பழைய சீஃபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடம் மாற்றும் தகராறு 2018 நவம்பரில் கலவரம் வரை போனது இந்த முடிச்சில்தான். கோயிலை உணர்ச்சிப் பிரச்சினையாகவே பேசிக்கொண்டிருக்கும் நம் தலைவர்கள் நில அலுவலகத்துக்குப் போய் வந்தார்களா என்று எவரும் கேட்பதில்லை. இதற்கிடையே தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலுக்கு மரபுச் சின்னம் என்ற மரியாதை கிடைத்திருக்கிறது: பழுது பார்த்து, நுழைவுக் கட்டணம் வைத்து, பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதுதான். அது அள்ளிப் போட்டவற்றில் என்னென்ன இருந்திருக்கலாம் என்பதையும் அங்கே ஒரு பலகையில் எழுதி வைத்தால் நல்லது.

எல்லாம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. ஈயம் இல்லாத இடத்தைக் கப்பல் தொடவில்லை. 1903இல் அரசு நிலவியலாளராக வந்த ஸ்கிரிவனர் பத்து காஜாவில் அலுவலகம் போட்டு வேலை செய்தவர். கிந்தாவின் நிலவியல் பற்றிய அவர் நூல் 1913இல் வெளிவந்தது. அதற்குப் பின் இங்காமும் பிராட்ஃபோர்டும் 1960இல் பள்ளத்தாக்கு முழுவதையும் மறுபடி வரைந்தார்கள். எங்கே ஈயப் படிவு, எங்கே வெறும் களிமண், எந்தச் சுரங்கம் எதுவரை தோண்டியது என்பதெல்லாம் அந்த வரைபடங்களிலிருந்து பெரும்பாலும் தெரியவரும். சுரங்க நிறுவனங்கள் கப்பலை இறக்குமுன் குறிப்பிட்ட இடைவெளிகளில் துளையிட்டுப் பார்த்துக் கணக்கு எழுதியதும் உண்டு. இவற்றின் மேல் வெண்கலங்கள் கிடைத்த இடங்களைக் குறித்து, திருப்பப்படுவதற்கு முந்தைய ஆற்றுப் போக்கையும் வரைந்தால், தோண்டப்படாமல் தப்பிய பழைய கரைத் துண்டுகள் வெளிப்படும். சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரம், ஓடை வந்து சேரும் முனைகள், பழைய தோட்ட லயங்கள் நின்ற மேட்டு நிலம் ஆகிய இடங்களை முதலில் பார்க்கச் சொல்வேன். தேட வேண்டியது முழங்கால் உயரக் கல் அடுக்கு. கையோடு, அந்தத் தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் கோயில்களின் மணிகளில் வார்த்த ஆண்டையும், கும்பாபிஷேகக் கல்வெட்டுகளையும், நிலப்பட்டா எண்ணையும் சேர்த்து எழுதிக்கொண்டே போகலாம். ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும்.